சீசன் முடியும் நேரத்தில் கிரீட் தீவின் பெரிய ரிசார்ட்: நாங்கள் இருவர் மட்டும் போய்த் தங்கலாமா?

பாளையங்கோட்டைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்கிறோம். அப்படியே கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், ஹெர்சோனிசோஸ் அருகே ஐந்து நட்சத்திர ரிசார்ட் ஒன்றில் அக்டோபர் கடைசியில் தங்கி வருமாறு மகள் சொல்கிறாள். ஆகஸ்டில் கேட்கும் வாடகையில் பாதிகூட இல்லை என்பதே அவள் காட்டும் காரணம். சீசன் இல்லாத மாதத்தில் குற்றாலத்துக்குப் போனால் அறை மலிவாகக் கிடைக்கும், அருவியில்தான் தண்ணீர் இருக்காது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் ஆதலால் எனக்குத் தயக்கம் தீரவில்லை. நூற்றுக்கணக்கான அறைகள் உள்ள இடத்தில் ஆள் குறைந்த பிறகு உணவகங்கள் ஒழுங்காக நடக்குமா, கடலில் இறங்க முடியுமா? நாங்கள் சைவம் என்பதையும் கருத்தில் கொண்டு, சென்று வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தாமிரபரணிக்கரை:

அண்ணாச்சி, நானும் என் கணவரும் அதே வடகடற்கரையில், அதே அக்டோபர் இறுதியில் ஒரு பெரிய ரிசார்ட்டில் தங்கினோம். அங்கே சீசன் என்பது ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான். பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நேராக வரும் சுற்றுலா விமானங்கள் நின்றுவிட்டால் பெரிய ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கதவையே அடைத்துவிடுகின்றன; வேலையாட்களும் சீசனுக்கு மட்டும் எடுக்கப்பட்டவர்களே. ஆகவே கடைசி வாரத்தில் போகிறவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தபோது கடற்கரை ஓரத்துக் கட்டடங்களை மூடி, எல்லோரையும் நடுக்கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். விளம்பரத்தில் காட்டிய பல உணவகங்களில் பஃபே மட்டுமே திறந்திருந்தது. கடற்கரைச் சாய்வு நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் முன்பதிவின்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் கடலைக் குறை சொல்ல முடியாது. கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தைக் கடல் மெதுவாகவே விடுகிறது என்பதால், அக்டோபரில் நீரின் வெப்பம் 23 டிகிரி அளவில் இருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் வெயில் பளிச்சென்று இருந்தாலும் நீர் அதைவிடக் குளிர்ச்சி. திருச்செந்தூர்க் கடலில் முங்கிப் பழகிய மதினிக்கு முதலில் சிலிர்க்கும், பிறகு பழகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பிறகு மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும், ரிசார்ட்டில் பொழுதைப் போக்க ஒன்றும் இருக்காது. என் கருத்தில், அக்டோபர் முதல் பாதிக்குப் பயணத்தை முன்தள்ளுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் கொடுக்கும் பணத்துக்கு ரிசார்ட் முழுமையாகக் கிடைக்கும்.

வண்ணாரப்பேட்டைப் பயணி:

பணக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. இணையத்தில் காட்டும் வாடகை போக, கிரீஸ் அரசின் காலநிலைக் கட்டணத்தை விடுதியிலேயே தனியாகச் செலுத்த வேண்டும். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஐந்து நட்சத்திர விடுதிக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10 யூரோ. நவம்பரில் இது வெகுவாகக் குறைகிறது, ஆனால் அப்போது ரிசார்ட்டே திறந்திருக்காது!

விசாவைப் பொறுத்தவரை, ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மகள் வீட்டில்தான் பெரும்பகுதி என்றால் ஜெர்மனி விசாவே போதும், அதைக் கொண்டே கிரீஸ் செல்லலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியிலிருந்து கிரீட்டின் தலைநகரான ஹெராக்லியோனுக்கு நேர் விமானம் சீசனில் நிறைய உண்டு. குளிர்காலத்தில் பெரும்பாலும் ஏதென்ஸ் வழியாகத்தான் செல்ல நேரும்.

ஆழ்வார்குறிச்சி அடுக்களை:

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்குவது நெடுங்கால வழக்கம். அதனால் எண்ணெய், பருப்பு, கீரை கொண்டு சமைக்கும் பதார்த்தங்கள் அங்கே வீட்டுச் சமையலிலேயே உண்டு. தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை போன்ற கிகாண்டெஸ், மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட கீரையான ஹோர்தா ஆகியவற்றைத் தைரியமாகக் கேளுங்கள். குடைமிளகாய், தக்காளிக்குள் அரிசி அடைத்துச் சுடும் கெமிஸ்தாவிலும், திராட்சை இலையில் மடிக்கும் தோல்மாதேஸிலும் கொத்திறைச்சி சேர்ப்பதுண்டு. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். இம்மூன்றையும் விசாரிக்காமல் தொட வேண்டாம். ஆள் குறைந்த பஃபேயில் ரொட்டியும் சாலடுமே மிஞ்சும் என்றால், ஹெர்சோனிசோஸ் ஊருக்குள் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சிறு உணவகத்தைத் தேடிப் போவது நல்லது. ஆகவே ஊரிலிருந்து தள்ளியிருக்கும் ரிசார்ட் வேண்டாம் என்பேன்.

பாளையங்கோட்டைக்காரர்:

மூவருக்கும் நன்றி. அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்ற மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ரிசார்ட்டிலேயே முடங்கிக் கிடக்காமல், கார் ஓட்டாதவர்கள் வெளியே போய் வர வழியுண்டா?

தாமிரபரணிக்கரை:

உண்டு, அண்ணாச்சி. வடகடற்கரைச் சாலையில் கேடெல் என்னும் வெளியூர்ப் பேருந்து ஓடுகிறது. ஹெர்சோனிசோஸிலிருந்து ஹெராக்லியோன் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அங்கே தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இன்னும் யாரும் படித்தறியாத குறியீடுகள் பதித்த பழங்கால ஃபைஸ்டோஸ் களிமண் வட்டைப் பார்த்துவிட்டு, நகரப் பேருந்தில் கிநோசோஸ் அரண்மனை இடிபாடுகளுக்குப் போகலாம். ஒரே நாளில் இரண்டும் முடியும், ஆனால் மதினிக்கு மூட்டுவலி இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1957 வரை தொழுநோயாளிகளைக் குடியமர்த்தியிருந்த ஸ்பினலோங்கா தீவுக்கு எலுண்டாவிலிருந்து படகு உண்டு. அது சீசனோடு நின்றுவிடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். முன்பதிவு செய்யும் முன், மூடும் தேதி எது, அந்த வாரத்தில் எந்தெந்த உணவகங்கள் திறந்திருக்கும் என்று ரிசார்ட்டுக்கே மின்னஞ்சல் எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.