முக்காலியில் இருந்து சைலன்ட் வேலி: தங்குவதும் நடப்பதும்

கேள்வி (ஆனைகட்டி):
வணக்கம். டிசம்பர் விடுமுறையில் தந்தையும் மகளுமாக கேரளத்தின் சைலன்ட் வேலி காட்டுக்குச் செல்ல விரும்புகிறோம். காட்டுக்குள் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கவும், குந்திப்புழை ஆறு வரை நடக்கவும் இயலுமா? சிங்கவால் குரங்கைப் பார்க்க வேண்டும் என்பது பத்து வயதான அவளுடைய நெடுநாள் ஆசை.

பதில் (அகளி):
ஐயா, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குள் நாமே கூடாரம் அடிக்க இயலாது. முதல்நாளே முக்காலி என்ற ஊருக்கு வந்து தங்கிவிட்டு, காலையில் வனத்துறை ஜீப்பில் வழிகாட்டியுடன் 23 கிலோமீட்டர் சென்றால் காட்டுக்குள் சைரந்திரி என்ற இடம் வரும். அங்குள்ள காவல் கோபுரத்தில் இருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதை சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும், குழந்தைக்குத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

பதில் (மண்ணார்க்காடு):
சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மர உச்சியிலேயே வாழ்வது. முள் அடர்ந்த காய்கள் கிளையோடு ஒட்டிக் காய்த்திருக்கும் வெடிப்பலா மரங்களை அண்ணாந்து பாருங்கள். அதன் விதை இந்தக் குரங்குகளுக்கு முக்கிய உணவு. நீர்மின் திட்டத்துக்காக மூழ்கவிருந்த இந்தக் காட்டைக் காத்த போராட்டத்தில் இந்தக் குரங்கே அடையாளமாக நின்றது என்பதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள், அதைக் கேட்ட பிறகு பார்ப்பது வேறு அனுபவம்.

பதில் (அகளி):
ஒன்று விட்டுப்போயிற்று. மழை பெய்திருந்தால் ஈரச் சருகில் இருந்து அட்டைப்பூச்சி நூல்போல நிமிர்ந்து காலைத் தேடும். முழங்கால் வரை நீண்ட காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் எடுத்து வாருங்கள்.