வடசேரியில் 12 வீட்டு அபார்ட்மெண்ட், நாலாவது மாடி: அட்வான்ஸ் கொடுக்குமுன் எதைப் பார்க்கணும்?

சந்தைமுக்கு:
நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் புது அபார்ட்மெண்ட். 18 சென்ட் இடம், கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு மூணு வீடு. எல்லா வீடும் 1,150 சதுர அடி. லிஃப்ட், ஜெனரேட்டர் உண்டு. மொட்டை மாடியில் தோட்டமும் போட்டிருக்காங்க. எங்களுக்குக் காட்டினது நாலாவது மாடியில் மேற்கு பார்த்த வீடு. மற்ற மாடிகளைவிடச் சதுர அடிக்கு 250 ரூபாய் குறைவு. மெயின்டனன்ஸ் மாசம் 1,500ன்னு சொல்றாங்க. இந்த விலைக் குறைப்பில் சூட்சுமம் ஏதும் உண்டா? கனகமூலம் சந்தை, பஸ் ஸ்டாண்டு சத்தம் அந்த உயரத்துக்கு வருமா?

ஒழுகினசேரிக்காரன்:
சூட்சுமம் உங்க தலைக்கு மேலேயே இருக்கு. 1,150 அடிக்கு 2,87,500 ரூபாய் மிச்சம். மேல்தளம் ஒழுக ஆரம்பிச்சா அந்தப் பணம் எங்கே போச்சுன்னு தெரியாது. நம்ம ஊர்ல ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. தளம் முழுசாக் காயுறதுக்குள்ள அடுத்தது வந்துரும்.

வாயால கேக்காதீங்க, தண்ணி கட்டிப் பாருங்க. மழைத்தண்ணிக் குழாய் வாயெல்லாம் அடைச்சு, ரெண்டு அங்குலம் நிக்கிற மாதிரி 48 மணி நேரம் விடச் சொல்லுங்க. அப்புறம் உங்க வீட்டு சீலிங்கில் நாலு இடம்: கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே, குழாய்கள் தளத்தைத் துளைக்கிற இடம், லிஃப்ட் மெஷின் ரூம் சுவர் ஓரம், தோட்டத்துக்கு நேர் கீழே. பெரும்பாலும் ஒழுகுறது தளத்தின் நடுவில் இல்லை, தளமும் கைப்பிடிச் சுவரும் சேருற மூலையில்தான். அந்த மூலையைச் செங்கோணமா விடாம, கலவை வச்சு வளைச்சுப் பூசி, தண்ணி தாங்கும் பூச்சைச் சுவரில் ஒரு அடி வரை ஏத்தியிருக்கணும்.

வாட்டம், அதாவது தண்ணி வடியுற சரிவு, 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வேணும். குழாயையும் எண்ணுங்க. மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் சுமார் 460 சதுர அடித் தளத்துக்குத்தான் தாங்கும். உங்க மொட்டை மாடி 3,500 அடிக்குக் குறையாது. எட்டுக் குழாய் வரணும். நாலே நாலு இருந்தா மழையில் அது குளம்தான்.

தோட்டம்தான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஒரு அடி ஆழம் ஈரமண் சதுர அடிக்கு 50 கிலோ வரும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாக் கணக்கு போடுறது சுமார் 15 கிலோ. தோட்டப் பாரம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் (தூண், தளம் தாங்குற பாரத்தைக் கணக்கு போட்ட வரைபடம்) சேர்ந்திருக்கான்னு கேளுங்க. சேரலைன்னா மண்ணை எடுத்துட்டுத் தொட்டிச் செடியோட நிறுத்தச் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
ஒழுகினசேரிக்காரரே ஒழுக்குக்குப் பதில் சொல்றது பொருத்தம்தான் 😄

நான் பணத்துக்கு வர்றேன். 1,500 ஓடாது. ஒரு மதிப்புக்குப் போட்டுப் பாருங்க: வாட்ச்மேன் 14,000, துப்புரவு 5,000, பொதுக் கரண்ட் 6,000, லிஃப்ட் பராமரிப்பு வருசம் 48,000ன்னு வச்சா மாசம் 4,000, டீசல் 2,000, தொட்டி கழுவுறது, கழிவு லாரி 2,000. மொத்தம் 33,000. பன்னிரண்டால் வகுத்தா 2,750. நம்ம மாவட்டத்தில் வாங்குறவங்க நிறையப் பேர் வளைகுடாவில். நாலு வீடு பூட்டிக் கெடந்து பணம் வரலைன்னா, மிச்ச எட்டு வீட்டுக்கு 4,125. நூறு வீட்டு வளாகத்தில் நாலு பேர் கொடுக்காதது தெரியாது, இங்கே லிஃப்டே நிக்கும். பூட்டின வீட்டுக்கும் முழுத்தொகைன்னு வீட்டுக்காரங்க சங்க விதியில் எழுதியிருக்கணும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தாச்சு, சங்கம் கட்டாயம்.

பொதுக் கரண்ட்டுக்குச் சலுகை விலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2023 நவம்பரில் யூனிட் 5.50ன்னு வந்த அந்தச் சலுகை 10 வீட்டுக்குள், மூணு மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு. மூணிலும் நீங்க வெளியே.

பிரிக்கப்படாத மனை (கட்டடம் நிக்கிற பொது நிலத்தில் உங்க பங்கு): 18 சென்ட்னா 7,841 சதுர அடி, உங்க பங்கு 653. பத்திரத்தில் அதுக்குக் குறைஞ்சா மிச்சம் யார் பேரில்னு கேளுங்க. பணிநிறைவுச் சான்று, ரெரா (வீடு கட்டி விற்கிறவங்களை ஒழுங்குபடுத்துற சட்டம்) பதிவு எண், லிஃப்ட் உரிமம் மூணையும் கண்ணால பாருங்க. கட்டடக் குறை, வேலைக் குறை எதுவானாலும் சாவி வாங்கின நாள்லேர்ந்து அஞ்சு வருசத்துக்குள் எழுத்தில் கொடுத்தா, 30 நாளில் இலவசமாச் சரிசெய்யணும்னு ரெரா சட்டம் 14ஆம் பிரிவு சொல்லுது. ஒழுக்கை போன்ல சொல்லாதீங்க, மெயில் அனுப்புங்க.

ஜன்னல்வேலை:
மேலே போனா சத்தம் குறையும்ங்கிறது பாதி உண்மை. தரைத்தள வீடுன்னா காம்பவுண்டுச் சுவர் மறைப்பு உண்டு, நாலாவது மாடிக்கு எதுவும் இல்லை. விடியுமுன் சந்தையில் லோடு இறங்குற நேரத்தில் ஒருநாள், ராத்திரி எட்டு மணிக்கு ஒருநாள் போய், ஜன்னலைச் சாத்திட்டு நின்னு பாருங்க.

பில்டர் போட்டிருக்கிறது தள்ளுற ஜன்னலா இருக்கும். ரெண்டு கதவு உரசுற இடத்தில் நாரிழைப் பட்டைதான், காத்து போற வழியில் ஹாரனும் வரும். படுக்கையறைக்கு மட்டுமாவது கதவு மாதிரித் திறக்கிற யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், சுத்தி ரப்பர் பட்டை, 6.38 மி.மீ. லாமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது) போடுங்க. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் புட்டியால் மூடினா வருசத்தில் வெடிக்கும். ஃபோம் அடைச்சு வெளியே சிலிக்கான் போடணும்.

மேற்கு பார்த்த வீடு, சாரல் நேராவே அடிக்கும். ஜன்னல் கதவு ஓடுற தண்டவாளப் பள்ளத்தில் ஒரு கப்பு தண்ணி ஊத்துங்க. ரெண்டு நிமிசத்தில் வெளியே வடியலைன்னா தண்ணி வடியுற ஓட்டை சிமெண்டால் அடைஞ்சிருக்கு. மழையில் அந்தத் தண்ணி ஹாலுக்குத்தான் வரும்.

சந்தைமுக்கு:
நன்றி அண்ணாச்சி எல்லாருக்கும். மொட்டை மாடி முழுக்க ஷீட் போட்டுட்டா ஒழுக்கும் சூடும் சேர்ந்து தீராதா?

ஒழுகினசேரிக்காரன்:
தீரும். ஆனா மொட்டை மாடி பொதுச் சொத்து, பன்னிரண்டு பேரும் சம்மதிக்கணும், செலவையும் பகிரணும். கீழ்வீட்டுக்காரருக்கு ஒழுக்கு இல்லையே, ஏன் கொடுப்பார்? அதை அட்வான்ஸுக்கு முன்னாடியே பேசிக்கிடுங்க. போடுறதா இருந்தா தூண் காலைத் தளத்தில் துளை போட்டு நிறுத்தாதீங்க, அந்தத் துளையே ஒழுகும். காங்கிரீட் தூண் தலைக்கு மேலே குட்டிக்கால் எழுப்பி அதில் பிளேட் வச்சு நிறுத்தணும். ஆடிக் காத்து ஷீட்டைக் கீழேயிருந்து தூக்கும். 2017 ஒக்கிப் புயலில் பறந்த ஷீட்டெல்லாம் ஞாபகம் இருக்கும்ல? ஓரத்து வரிசையில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. ஷவர் தலையிலேர்ந்து மொட்டை மாடித் தண்ணித்தொட்டி அடிமட்டம் மூணு மீட்டர்தான் உயரம்னா அழுத்தம் 0.3 பார், ஷவர் சொட்டும். மேல்மாடிக்குத் தனி லைன் இழுத்து அதில் அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப் வைக்கணும். பொது லைனில் வச்சா மூணாவது மாடிக்காரர் சண்டைக்கு வருவார்.