ஸ்லோ குவெரி லொக்கில் விடிய 5 மணியைக் காணவில்லை

வாடிக்கணக்கு:
திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்கு பில் மென்பொருள் பார்த்துக்கொடுக்கிறேன். உபுண்டு, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 8. விடிய 5 மணிக்கெல்லாம் வள்ளங்கள் கரைக்கு வந்து சூரையும் பாரையும் தராசில் ஏறிவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து பில் திரை இறுகி நின்றுவிடுகிறது. முதலாளி பேசாமல் கொப்பியில் எழுதத் தொடங்கிவிடுவார். 10 மணிக்கு நான் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

நேரமெடுக்கும் குவெரிகளை (தரவுத்தளக் கேள்விகளை) எழுதிவைக்கும் ஸ்லோ குவெரி லொக்கை ஓன் பண்ணி, எத்தனை செக்கன் தாண்டினால் எழுதவேண்டும் என்ற லோங் குவெரி டைமை இயல்பான 10 செக்கனிலிருந்து 1 செக்கனாக்கினேன். இன்றைய திகதியையும் 05 மணியையும் கொடுத்து கிரெப் கட்டளையால் தேடினால் ஒரு வரிகூட இல்லை. தராசடியில் நிற்கும் பொடியன் 5 மணிக்கு நின்றது என்று சத்தியம் பண்ணுகிறான். லொக் எழுதும்போது இப்படி விடுபடுமா?

நிலாவெளியான்:
ஜெனரல் லொக்கை ஓன் பண்ணிப் பாருங்களேன். எல்லாக் குவெரியும் விழும்.

குவெரி_மச்சான்:
ஜெனரல் லொக் வேண்டாம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று அது சொல்லாது, டிஸ்க்கைத்தான் நிரப்பும்.

அண்ணா, லொக்கில் நேரத்தின் கடைசியில் இசட் எழுத்து இருக்கிறதா? அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5.7 முதல் இயல்பே அதுதான். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், ஆகவே விடிய 5 மணி அங்கே முதல் நாள் 23:30. நீங்கள் தேடிய 05 நம்ம ஊரில் காலை 10:30 மணிக்குப் பிறகு; அதற்குள் மீன் லொறி ஹபரணை தாண்டியிருக்கும்! திகதியை ஒரு நாள் பின்னுக்குப் போட்டு, 23 என்று தேடுங்கள். பழைய கோப்பு ஜிஇசட்டாகச் சுருங்கியிருந்தால் இசட்கிரெப்பால் தேடுங்கள். கிரெப்புக்கு பெரிய ஏ ஒப்ஷனில் 6 என்று கொடுங்கள், கீழ் வரிகளும் வரும். குவெரி டைமும், பார்த்த வரிகளைச் சொல்லும் ரோஸ் எக்ஸாமின்டும் அங்கேதான் இருக்கும்.

வாடிக்கணக்கு:
வந்துவிட்டது, வரிசையாக! குவெரி டைம் 14 செக்கன், அனுப்பியது 1 வரி, பார்த்தது 9 லட்சம் வரி. வள்ளத்தின் பழைய பாக்கியைக் கூட்டும் குவெரி. குவெரியின் நிபந்தனைப் பகுதியான வேயரில் பில் நேரத்தை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறது. எனக்கு முன் பார்த்தவரின் கைவேலை. விடியவில் எல்லாத் திரையும் ஒன்றாகத் திறப்பதால்தான் அப்போது மட்டும் மாட்டுகிறது போல.

குவெரி_மச்சான்:
அதேதான். அட்டவணை நிரலை ஃபங்ஷனுக்குள் போட்டால், தேடலை வேகமாக்கும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அந்த நாள் தொடக்கம் முதல் அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன் வரை என்று வீச்சாக எழுதுங்கள். நிரலில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோவையும் ஓட்டுங்கள். லொக்கில் உள்ள எண்களை என் எழுத்தாகவும் எழுத்துத் தொடர்களை எஸ் எழுத்தாகவும் மாற்றி ஒரே மாதிரிக் குவெரிகளைச் சேர்த்துக் காட்டும். ஆனால் இயல்பாக சராசரி நேரப்படிதான் அடுக்கும். இரவில் ஒரேயொரு தடவை ஓடும் அறிக்கை மேலே வந்து குந்திவிடும். சின்ன எஸ் ஒப்ஷனுக்கு டி கொடுத்தால் மொத்த நேரப்படி வரும். முதலாளியின் நேரத்தைத் தின்பது எது என்று அதில்தான் தெரியும்.

நிலாவெளியான்:
யூடிசியை மாற்றவே முடியாதா?

குவெரி_மச்சான்:
லொக் டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற அமைப்பை சிஸ்டம் என்று மாற்றலாம், ரீஸ்டார்ட் தேவையில்லை. இசட் இருந்த இடத்தில் +05:30 வரும், சேர்வரின் நேர வலயம் கொழும்பாக இருந்தால். செட் குளோபல் போட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும். செட் பெர்சிஸ்ட் போடுங்கள்.