கம்யூனிட்டி காலேஜ் வழியாக யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?
வணக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்கிறாள். கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர்தான். இரண்டு வருடத்தில் யூசி டேவிஸுக்கோ அர்வைனுக்கோ மாறினால், டிகிரியில் யூசி பெயர்தான் வரும். கணக்கில் எங்களுக்குக் குழப்பமில்லை, ஊர் வாய்தான் தொல்லை. பாட்லக் விருந்தில் ஒரு அக்கா, "அய்யோ, வேற எங்கயும் கிடைக்கலையாம்மா?" என்று கேட்க, பிள்ளை பாதி பிரியாணியோடு தட்டை வைத்துவிட்டு காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். (கிடைத்தது. கடன் வாங்கத்தான் மனசில்லை.)

டேக் உத்தரவாதத்தில் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் யூசியில் இடம் உறுதி என்ற ஏற்பாடு) மாறிய பிள்ளைகள் யாராவது அவளிடம் பத்து நிமிஷம் பேசுவீர்களா? நான் சொன்னால் எடுபடவில்லை. பயாலஜிக்கு முதல் செமஸ்டரிலேயே எந்தப் பாடங்களை எடுத்துவிட வேண்டும்? திருச்சியில் இருக்கும் மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது என்றும் யாராவது சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.