இசை மாணவர்களுக்கான ஒலிப்பதிவுகளை நூலகத்தின் வழியே வழங்குவது பற்றி

கேள்வி (கல்லூரி நூலகர்):
கர்நாடக இசை இளங்கலைப் பாடத்திற்காகச் சேர்க்கப்பட்ட ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் எங்கள் நூலகத்தில் உள்ளன. அவற்றை இயக்கும் கருவிகளோ ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. அவற்றைக் கணினிக் கோப்புகளாக்கி, அப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் கொண்டு கேட்கும்படி கல்லூரிச் சர்வரில் வைக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறதா?

பதில் 1 (பல்கலைக்கழக நூலகர்):
ஒலிநாடாவையும் குறுந்தகட்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத படி இருந்தால், பாதுகாப்பிற்காக அதை மின்னணு வடிவில் சேமிக்கலாம். இது நாடாவுக்குப் பொருந்தும். பிறப்பிலேயே டிஜிட்டலான குறுந்தகட்டுக்குப் பொருந்தாது. கல்லூரி நூலகம் ‘பொது நூலகம்’ ஆகுமா என்பதும் வாதத்துக்குரியதே. ஆகவே, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது மீறல் ஆகாது என்னும் 52ஆம் பிரிவின் விலக்கையே நான் முதன்மையாகக் கொள்வேன். டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் இந்த விலக்குக்கு விரிந்த பொருள் தந்தது. அவ்வழக்கு நூல்களைப் பற்றியதுதான் என்றாலும், சட்டத்தின் வரையறையில் ஒலிப்பதிவும் ஒரு ‘படைப்பு’ ஆகும். எதைப் படியெடுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் எழுத்தில் பட்டியல் பெறுங்கள். பருவம் முடிந்ததும் அணுகலை நிறுத்துங்கள். வகுப்பில் மாணவர்களுக்கு ஒலிக்கச் செய்வதற்குத் தனி விலக்கே இருப்பதால் அதில் தயக்கம் வேண்டாம்.

பதில் 2 (இசைத்துறை ஆசிரியர்):
ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான இசைத்தட்டின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் அதில் பாடப்படும் உருப்படியின், அதாவது பாடலின், உரிமை வேறு; அது இயற்றியவர் மறைந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும். தியாகராஜர் கிருதியானால் சிக்கலே இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடலானால் அவ்வுரிமை 2033 வரை நிற்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் என்பதால், கிருதியின் பாடாந்தரத்தை, அதாவது குரு வழியில் வந்த பாட்டு வடிவத்தை, காட்ட அது உதவும். தாளமின்றி இராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின் வளர்ச்சியைக் கற்பிக்கக் கச்சேரிப் பதிவுகளே வேண்டும். இரசிகர்கள் அன்பளிப்பாகத் தரும் அத்தகைய நாடாக்களில் பாடகருக்கும் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கும் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. நாடாவைத் தந்தவரின் சம்மதத்தை அவர்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பதில் 3 (ஒலி ஆவணப் பணியாளர்):
பாதுகாப்புப் படியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்குக் குறையாத வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக வைத்து, மாணவர்களுக்கு எம்பி3 படியைக் கொடுங்கள். நாடாவின் வேகம் பிசகினால் சுருதியே மாறிவிடும். அந்தத் திருத்தத்தைக் கேட்புப் படியில் மட்டும் செய்யுங்கள். அட்டவணையில் இராகம், தாளம் ஆகியவற்றோடு ஆலாபனை, நிரவல் (பாடலின் ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுவது), கற்பனைசுரம் (பாடகர் உடனுக்குடன் புனைந்து பாடும் சுரங்கள்) தொடங்கும் நிமிடங்களையும் குறித்தால், ஆசிரியர் தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் கேட்டுப் பெற இயலும்.