காலையில் மட்டும் வரும் டக்டக் சத்தம்: டேப்பட்டா, கேஸ்கெட்டா?

வணக்கம். 18 வருடம் ஓடிய பெட்ரோல் கார், 4 சிலிண்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மேல்பக்கத்தில் டக்டக்கென்று தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சத்தம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதுவும் வேகமாகிறது. எஞ்சின் சூடானதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி சமர்த்துப் பிள்ளையாகிவிடுகிறது!

ஆயில் அளவு சரி, ஆயில் விளக்கும் எரியவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன் (பெல்ட் பக்கம் சட்டை போகாமல்தான்). மூன்றாவது சிலிண்டர் பக்கம் பலமாகக் கேட்கிறது. ஹைட்ராலிக் டேப்பட்தான் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) என்று நினைத்தேன். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடு) கசிந்தாலும் இதே சத்தம் வருமாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபட்டதும் நின்றுவிடுமாம். அங்கே லேசாகக் கரி படிந்திருப்பதும் உண்மை.

எதையும் கழற்றாமல் இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? அப்புறம், கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்லி ஒரு யோசனை வந்தது. குளிர்ந்த எஞ்சினில் அது டேப்பட்டுக்கு இன்னும் மெதுவாகத்தானே ஏறும்? இதே தொல்லையைப் பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.