அக்வா பாட்ஸா: எண்ணெய் தனியா, தண்ணி தனியா நிக்குது, ஏன்? (புளிக்கரைசல், நடுமுள், கார்க்கு மூணும் பேசறவங்க புனைபெயர்)

புளிக்கரைசல்:
இத்தாலியில நாப்போலி (நேப்பிள்ஸ்) பக்கத்து மீன் சமையல் இது. 2 பேருக்கு, அரை மணி நேரத்தில் முடியணும். தோல் உரிச்ச மீன் துண்டு 400 கிராம், அரை லிட்டர் தண்ணி, குட்டித் தக்காளி 8, சிம்மில் 20 நிமிஷம், இறக்கும்போது வெள்ளை வைன். மீன் உதிருது, சாறு வெந்நீர் மாதிரி இருக்கு, வைன் நெடி வேற. எங்கே தப்பு? கூடக் குடிக்க எந்த வைன்?

நடுமுள்:
முதல் கோளாறே மீன்ல. தலை, தோல், முள்ளிலிருந்து இறங்குற பசைதான் எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கும். 600–700 கிராமில் முழு ஒராத்தாவோ பிரான்ஸினோவோ (ரெண்டும் வெள்ளைச் சதைக் கடல் மீன்) ஒண்ணு வாங்குங்க. செதில், குடலோட செவுளையும் எடுத்திடணும். விட்டா சாறு கசக்கும். ஈரம் துடைச்சு, ரெண்டு பக்கமும் கீறி உப்பு தடவுங்க.

மீன் படுக்கிற அளவுக்கு அகலமான வாணலி. ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, தட்டின பூண்டு 2 பல், நடுத்தரத் தீ. பூண்டு ஓரம் சிவந்ததும் காய்ந்த மிளகாய் 1, பாதியா வெட்டின குட்டித் தக்காளி 250 கிராம். (பூண்டு கருகினா கொட்டிட்டு மறுபடி ஆரம்பிங்க, காப்பாத்த முடியாது.) 3 நிமிஷத்தில் தக்காளி குழையும். அப்ப 100 மி.லி. வைன் ஊத்தி, திறந்தபடி 2 நிமிஷம் கொதிச்சாத்தான் நெடி போகும். கடைசியில ஊத்தினதுதான் உங்க தப்பு. பிறகு 200 மி.லி. வெந்நீர், மேலே மீன். சாறு மீனோட பாதி உயரம் வரைக்கும் போதும்.

மூடி போட்டு 10–12 நிமிஷம். திருப்பாம, நடுவுல சாறை அள்ளி மேலே ஊத்துங்க. முதுகுப் பக்கம் கத்தி நுழைச்சா சதை முள்ளை விட்டு வரணும்.

மீனைத் தட்டுக்கு மாத்திட்டு, தீயைக் கூட்டி 2 நிமிஷம் வாணலியைக் குலுக்குங்க. சாறு கலங்கி, லேசாக் கெட்டியாகும். பொடியா நறுக்கின பார்ஸ்லி (கொத்தமல்லி மாதிரி ஒரு தழை) தூவி மீன் மேல ஊத்துங்க.

கார்க்கு:
வைனும் நாப்போலி இருக்கற கம்பானியா மாநிலத்திலேயே இருக்கு. ஃபலாங்கினாங்கற வெள்ளை வைன் விலையும் குறைவு, தக்காளிப் புளிப்புக்கும் ஈடு கொடுக்கும். கொஞ்சம் கனமான வெள்ளை வைன் வேணும்னா ஃபியானோ டி அவெல்லினோ. கிரேக்கோ டி டூஃபோவும் சரி. 8–10 டிகிரியில ஊத்துங்க, அதுக்கும் கீழே போனா வாசமே வராது. ஓக் பீப்பாய் வாசம் தூக்கலா இருக்கற ஷார்டனே வெள்ளை வைன் வேண்டாம். சிவப்பு வைன்ல இருக்கற இரும்பு மீன் கொழுப்போட சேர்ந்தா வாயில கவிச்சிதான் மிஞ்சும். சமையலுக்கும் அதே பாட்டில்ல இருந்தே எடுங்க.

புளிக்கரைசல்:
முழு மீன் கிடைக்காத நாள்ல? வைன் ஊத்தாம பண்ணலாமா?

நடுமுள்:
தோலோட இருக்கற துண்டு வாங்குங்க. தண்ணி 120 மி.லி. போதும், சாறு சுண்டினப்புறம் மீனைத் தோல் அடியில இருக்கற மாதிரி வெச்சு, மூடி 5–6 நிமிஷம். உறைஞ்ச மீன்னா ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல முழுசா இளகவிட்டுத் துடைக்கணும். வைன் இல்லாமலும் நல்லாவே வரும், தக்காளியை 50 கிராம் கூட்டிக்கலாம். வினிகர் மட்டும் வேண்டாம். கேப்பர் (உப்புல ஊறின பூமொட்டு) சேர்த்தா உப்பைப் பாதியாக் குறைங்க.